மூன்றாம் டிவிஷன் பிழைப்பு

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். அந்த வருட ஐ-லீக் கால்பந்துப் போட்டியின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. ஜெயித்தால் ஐ-லீக் பட்டம் முதல் முறையாக ஒரு தமிழ்நாட்டு அணிக்கு வரும். சறுக்கினால் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடலாம். முதல் கோலைப் போட்டது எதிரணியான மினர்வா பஞ்சாப். அப்புறம் பெனால்டியில் பெட்ரோ மன்சி சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். ஆட்டம் 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கோவையிலேயே தங்கிவிட்டது.

அந்த சீசனில் மன்சி போட்ட கோல்கள் 21. அவரோடு நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகெஸ், ராபர்டோ எஸ்லாவா என்று ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் மொத்தம் நாலு பேர். ரியல் மாட்ரிட், பார்சிலோனா பக்கமிருந்து வந்தவர்கள் இல்லை. ஸ்பெயினின் கீழ் லீக்குகளில், அந்த ஊர்க்காரர்களே பெயர் தெரியாமல் கடந்துபோகிற மைதானங்களில் ஆடி வந்தவர்கள்.

நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் டீ குடித்துக்கொண்டே இதைச் சொன்னபோது, தறிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்டார்: “ஏனுங்க, அங்கயே நல்லா ஆடறவருன்னா இங்க எதுக்குங்க வர்றாரு? மேல போக முடியாமதானுங்க வந்திருப்பாரு?” நியாயமான சந்தேகம். அவருடைய மகன் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறான் என்பதால் அந்தச் சந்தேகத்துக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. உச்சியில் இருக்கும் சில நூறு பேரை விட்டுவிட்டால், மற்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? பந்து சோறு போடுமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் தேடலாம். அதற்குக் கீழ் லீக்குகளின் அடுக்கு தெளிவாகத் தெரிகிற ஒரு நாடு வேண்டும். ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மனியில் ஏறக்குறைய 24 ஆயிரம் கால்பந்துக் கிளப்புகள் இருக்கின்றன. உச்சியில் 18 அணிகள் கொண்ட புண்டஸ்லிகா. பயர்ன் மியூனிக், டார்ட்மண்ட் எல்லாம் அங்கே. அதற்குக் கீழே 18 அணிகளோடு இரண்டாம் லிகா. அதற்கும் கீழே 2008-ல் தொடங்கிய மூன்றாம் லிகா, 20 அணிகள். இந்த மூன்றும் நாடு முழுக்க நடப்பவை. நான்காவது அடுக்குக்கு வந்தால் நாட்டை ஐந்து வட்டாரமாகப் பிரித்து நடத்துகிறார்கள். இப்படியே மாநிலம், மாவட்டம் என்று இறங்கி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற கிராமத்து அணியில் போய் நிற்கும்.

அடுக்குகளுக்கு நடுவே கதவு உண்டு. மூன்றாம் லிகாவில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் அடுத்த வருடம் நேராக இரண்டாம் லிகாவுக்குப் போகும். மூன்றாவதாக வந்த அணி, இரண்டாம் லிகாவில் கடைசியிலிருந்து மூன்றாவதாக நிற்கும் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடி இடத்தைப் பிடிக்கலாம். கடைசி நாலு அணிகள் நான்காவது அடுக்குக்கு இறங்கும். ஒவ்வொரு வருடமும் இது நடக்கும், எவ்வளவு பெரிய கிளப்பாக இருந்தாலும் சலுகை கிடையாது. நம் நாட்டில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) 2014-ல் தொடங்கியபோது அப்படி ஒரு கதவே இல்லை. ஐ-லீக்கில் முதலிடம் பிடித்து ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் அணி, 2023-ல் பஞ்சாப் அணிதான். 2019-ல் சென்னை சிட்டி ஜெயித்தபோது கோப்பை கிடைத்தது, மேலே போகிற வழி கிடைக்கவில்லை.

இப்போது எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருகிறோம். ‘மூன்றாம் லிகா ஆட்டக்காரர்’ என்று கேட்டதும், அந்த மூன்று என்ற எண்ணை ஆளின் நெற்றியில் ஒட்டிவிடுகிறோம். பள்ளிக்கூடத்து ரேங்க் பழக்கம். முதல் லிகாவில் இருப்பவர் முதல் தரம், மூன்றாம் லிகாவில் இருப்பவர் மூன்றாம் தரம், திறமை இருந்தால் தானாக மேலே போயிருப்பார் என்று கணக்குப் போடுகிறோம். அந்த எண் அணியினுடையது. அணி ஏறினால் எண் மாறும், இறங்கினாலும் மாறும். ஆள் அதே ஆள், கால் அதே கால்.

இங்கோல்ஸ்டாட் என்ற பவேரிய நகரத்து அணியைப் பாருங்கள். 2019-ல் இரண்டாம் லிகாவிலிருந்து மூன்றாம் லிகாவுக்கு இறங்கியது. 2021-ல் திரும்ப ஏறியது. 2022-ல் மறுபடி இறங்கியது. அந்த அணியில் தொடர்ந்து ஆடிய ஒருவர் இருந்த வீட்டையும் போகிற மைதானத்தையும் மாற்றாமலேயே இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று தரம் மாறிக்கொண்டே இருந்திருப்பார். ஒவ்வொரு மே மாதமும் அவருடைய திறமையா மாறியது?

இதைவிட வேடிக்கை 2020-ல் நடந்தது. பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள் மூன்றாம் லிகா வரைக்கும்தான் ஏறலாம், அதற்கு மேல் அனுமதி இல்லை என்பது ஜெர்மனியில் விதி. அந்த வருடம் மூன்றாம் லிகாவில் முதலிடம் பிடித்தது பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணி. விதிப்படி இருந்த இடத்திலேயே நின்றது. அடுத்த வருடமே கடைசி நாலு அணிகளில் ஒன்றாகி நான்காவது அடுக்குக்கு இறங்கிவிட்டது. முதலிடம் வந்தும் ஏற முடியாத அணியை வைத்து, அதில் ஆடியவர்களின் தரத்தை எப்படி எடை போடுவது?

தரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி நாம் நினைப்பதைவிடச் சின்னது. அதைப் பார்க்க ஜெர்மன் கோப்பை நல்ல இடம். லீக் தனி, கோப்பை தனி. கோப்பையில் மேல் அடுக்கு அணிகளும் கீழ் அடுக்கு அணிகளும் நேருக்கு நேர் மோதலாம். 2023 நவம்பர் 1 இரவு, மூன்றாம் லிகாவில் இருந்த சார்ப்ரூக்கன் அணிக்குச் சொந்த ஊரில் பயர்ன் மியூனிக்கோடு ஆட்டம். தாமஸ் முல்லர் முதல் கோல் போட்டார். இடைவேளைக்கு முன்பு சார்ப்ரூக்கன் சமன் செய்தது. 90 நிமிடம் முடிந்து, கூடுதல் நேரத்தில் ஆறாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோது மார்செல் கௌஸ் என்பவர் பந்தை வலைக்குள் தள்ளினார். 2-1. பயர்ன் வெளியே போனது.

கௌஸுக்கு அப்போது 34 வயது. டுசல்டார்ஃப், ஃபிராங்க்ஃபர்ட்டின் சின்ன கிளப்பான எஃப்.எஸ்.வி., கைசர்ஸ்லாட்டர்ன், நாம் பார்த்த அதே இங்கோல்ஸ்டாட் என்று சுற்றிவிட்டு சார்ப்ரூக்கனுக்கு வந்தவர். போஸ்டர் அடிக்கும் பெயர் இல்லை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஆட்டத்தையே தொழிலாக வைத்துக் குடும்பம் நடத்திய ஆள். கீழ் லீக் வாழ்க்கை என்பதற்கு உருவம் கொடுத்தால் இவரைப் போலத்தான் இருக்கும்.

‘கீழ்’ என்ற சொல்லைக் கேட்டு, ஆளில்லாத மைதானம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கைசர்ஸ்லாட்டர்ன் நாலு முறை ஜெர்மன் சாம்பியன். இரண்டாம் லிகாவிலிருந்து ஏறி வந்த முதல் வருடமே, 1998-ல், புண்டஸ்லிகா பட்டத்தைப் பிடித்த ஒரே அணி அது. அதே கிளப் 2018-ல் மூன்றாம் லிகாவுக்கு இறங்கி, நாலு வருடம் அங்கே கிடந்து, 2022-ல்தான் ஏறியது. அந்த நாலு வருடமும் அவர்கள் ஆடிய சொந்த ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் ஆட்டம் பார்க்கலாம்.

சரி, எண் அணியுடையது என்றால் ஆட்டக்காரருடையது எது? ஒரு காகிதம். ஒப்பந்தம். ஜெர்மனியில் கால்பந்து வருடம் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. ஒப்பந்தமும் அந்தத் தேதியில்தான் முடியும். மேல்மட்ட நட்சத்திரங்களுக்கு நாலு, ஐந்து வருடத்துக்குக் காகிதம் எழுதுவார்கள். கீழே வர வர அது இரண்டு வருடம், ஒரு வருடம் என்று சுருங்கும்.

பள்ளிபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கப் பெரிய பாடுபட வேண்டியதில்லை. கூலிக்குத் தறி ஓட்டுகிறவருக்கு வியாபாரி பாவும் ஊடை நூலும் கொடுப்பார். அந்தப் பாவு ஓடுகிறவரை வேலை உண்டு, கூலி உண்டு. பாவு தீரப்போகிறது என்றால் மனசு அடுத்த பாவைப் பற்றி நினைக்க ஆரம்பித்துவிடும். அடுத்தது வந்து இழையோடு இழை முடிந்துவிட்டால் தறி நிற்காது. வராவிட்டால், துணி எவ்வளவு நன்றாக நெய்தாலும் தறி சும்மாதான் நிற்கும். மூன்றாம் லிகா ஆட்டக்காரரின் ஒப்பந்தம் அந்தப் பாவுதான். பிப்ரவரி, மார்ச் வந்தால், ஜூனில் காகிதம் முடிகிறவர்கள் உடைமாற்றும் அறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். யாருக்கு நீட்டிப்பு, யாருக்கு இல்லை?

நம் தறிப் பட்டறைகளில் முன்பணம் என்று ஒன்று உண்டே, அதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் முன்பணம் வாங்கியவரை இன்னொருவர் வேலைக்குக் கூப்பிட்டால், அந்தத் தொகையைக் கட்டித்தான் அழைத்துப் போக வேண்டும். கால்பந்தில் டிரான்ஸ்ஃபர் தொகை என்று பத்திரிகைகளில் கோடிக்கணக்கில் வருகிறதே, அதன் அடிப்படை இதுதான்: ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் ஆளை எடுக்க, புது கிளப் பழைய கிளப்புக்குக் கட்டும் பணம். ஒரு பெரிய வித்தியாசம், தறிக்காரர் கடனாளி, ஆட்டக்காரர் கடனாளி இல்லை. ஆனால் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் அந்தத் தொகையைக் கேட்கலாம் என்ற நிலை இருந்தது. பாவு தீர்ந்த பிறகும் ஆளை விடாத கதை.

அதை உடைத்தவர் ஒரு சாதாரண ஆட்டக்காரர். பெல்ஜியத்தின் லீஜ் அணியில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மன். 1990-ல் ஒப்பந்தம் முடிந்தது. சம்பளத்தைப் பெருமளவு குறைத்துத்தான் புது ஒப்பந்தம் தருவோம் என்றது கிளப். பிரான்சின் இரண்டாம் டிவிஷன் அணியான டன்கர்க்குக்குப் போகலாம் என்றார், டிரான்ஸ்ஃபர் விவகாரத்தில் அதுவும் நின்றுபோனது. அவர் கோர்ட்டுக்குப் போனார். ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இன்னொரு நாட்டு கிளப்புக்குப் போக, பழைய கிளப்புக்குப் பணம் எதுவும் தர வேண்டியதில்லை. இன்று பெரிய நட்சத்திரங்கள் ஒப்பந்தம் முடித்துவிட்டு விரும்பிய கிளப்புக்கு நடந்து போகிறார்கள் என்றால், அது இரண்டாம் டிவிஷனுக்குப் போக முடியாமல் நின்ற ஒருவர் போட்ட வழக்கின் பலன். அவருடைய சொந்த ஆட்ட வாழ்க்கை அந்த வழக்கிலேயே கரைந்துபோனது.

காகிதத்தைப் பார்த்தாயிற்று. அது ஓடுகிற வருடம் எப்படி இருக்கும்? மூன்றாம் லிகாவில் 20 அணிகள் என்பதால், ஒரு சீசனுக்கு 38 லீக் ஆட்டங்கள். வடக்கே கடலோரம் ரோஸ்டாக் அணியும் தெற்கே மியூனிக்கின் 1860 அணியும் ஒரே லீக்கில் இருந்த வருடங்கள் உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே 750 கிலோமீட்டருக்கு மேல். பள்ளிபாளையத்திலிருந்து ஹைதராபாத் போகிற தூரம். முந்தின நாளே புறப்பட்டு, ஓட்டலில் தங்கி, மறுநாள் ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டு, திரும்பவும் பஸ்.

ஆடுவது யார் என்பதும் கேள்வி. ஒரு அணியில் சுமார் 25 பேர் சம்பளத்துக்கு இருப்பார்கள். ஆட்டம் தொடங்குவது 11 பேர். நடுவில் மாற்றாக இறங்கக்கூடியவர்கள் 5 பேர். மிச்சம் இருப்பவர்கள் வாரம் முழுக்க அதே பயிற்சி செய்துவிட்டு, ஆட்டத்தன்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இது சம்பளத்திலும் தெரியும். கீழ் லீக்குகளில் மாதச் சம்பளம் ஒரு பாகம்தான். களத்தில் இறங்கினால் ஒரு தொகை, அணி எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தொகை என்று மேலே சேர்ப்பது வழக்கம். கணுக்கால் பிசகி இரண்டு மாதம் உட்கார்ந்தால் அந்த மேல் வரும்படி நின்றுவிடும்.

ஆனால் காயம் பட்டவரை ஜெர்மனியில் தெருவில் விட்டுவிட மாட்டார்கள். அங்கே சம்பளத்துக்கு ஆடுகிறவர் சட்டப்படி ஒரு தொழிலாளி. முதல் ஆறு வாரம் கிளப் சம்பளம் தர வேண்டும். அதற்குப் பிறகு, ஆலைத் தொழிலாளிக்கு இருப்பதைப் போன்ற விபத்துக் காப்பீடு வந்து தாங்கும். முழங்காலில் ஆபரேஷன் ஆனாலும் வீட்டு வாடகைக்குத் தடுமாறாமல் ஒருவர் திரும்பி வர முடிகிறதென்றால், காரணம் இந்த ஏற்பாடு.

அப்படியும் பாவு கிடைக்காதவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்காக ஜெர்மன் ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் ஒவ்வொரு கோடையிலும் டூயிஸ்பர்க் நகரத்தில் ஒரு முகாம் நடத்துகிறது. ஒப்பந்தம் இல்லாத ஆட்டக்காரர்கள் அங்கே சேர்ந்து பயிற்சி எடுத்து, ஒரு அணியாக நின்று கிளப்புகளோடு நட்பு ஆட்டம் ஆடுவார்கள். கிளப்காரர்கள் வந்து பார்ப்பார்கள். வேலை இல்லாதவர்களே ஓர் அணி. கேட்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சில சமயம் ஆட்டக்காரரின் காகிதம் கெட்டியாக இருக்கும், அதைக் கொடுத்த கிளப் கெட்டியாக இருக்காது. ஜெர்மனியில் மூன்றாம் லிகா கிளப்புகள் மேலே ஏறிவிடலாம் என்ற ஆசையில் கைக்கு மீறிச் செலவழித்து மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. எர்ஃபுர்ட் நகரத்துக் கிளப் 2018-ல் திவால் மனு கொடுத்தது. புள்ளிகளைக் குறைத்தார்கள், அணி இறங்கியது. நம் பக்கம் பார்ப்போமா? 2019-ல் கோவையில் கோப்பை தூக்கிய சென்னை சிட்டியில், அதே வருடம் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு எடுத்தது. நல்ல காலம் பிறந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2021-22 சீசனுக்கான ஐ-லீக் அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. பட்டம் வென்ற அணி மூன்று வருடத்துக்குள் லீக்கிலேயே இல்லை.

ஸ்பெயினிலிருந்து வந்த அந்த நாலு பேரில் இருவரைப் பார்ப்போம். மன்சி 2020-ல், அப்போது ஜப்பானின் இரண்டாம் டிவிஷனில் ஆடிய நீகாட்டா அணிக்குப் போனார். கோர்டில்லோ ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனார். பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கீழ் லீக் ஆட்டக்காரரின் பாதை மேலேயோ கீழேயோ மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் போகும். தன் நாட்டில் அடுத்த காகிதம் ஒரு வருடத்துக்குத்தான் என்றால், இன்னொரு நாட்டில் நல்ல சம்பளத்துக்கு, முன்வரிசை ஆளாக ஆடும் வாய்ப்பு இருக்கலாம். திருப்பூருக்கு வேலைக்கு வருகிற வடநாட்டுப் பையனை ‘ஊரில் தோற்றவன்’ என்று யாராவது சொல்வோமா?

நமக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். அகமது வசீம் ரசீக், இலங்கைக் குடும்பத்துப் பிள்ளை, 1994-ல் பெர்லினில் பிறந்தவர். மக்டபுர்க், எர்ஃபுர்ட் போன்ற ஜெர்மன் கிளப்புகளில் ஆடியவர். பிறகு இலங்கைத் தேசிய அணிக்கு ஆட வந்தார். 2021 நவம்பரில் கொழும்பில் மாலத்தீவோடு நடந்த ஆட்டத்தில் இலங்கை 0-4 என்று பின்தங்கி நின்றது. அங்கிருந்து ஆட்டம் 4-4 ஆனது. நாலு கோலும் ரசீக் போட்டவை. ஜெர்மனியில் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தவர், கொழும்பில் ஒரு நாட்டையே எழுந்து நிற்க வைத்தார்.

கீழிருந்து உச்சிக்குப் போனவர்களே கிடையாதா என்றால், உண்டு. மிரோஸ்லாவ் குளோசே சின்ன வயதில் தச்சு வேலை பழகியவர். ஏழாவது அடுக்கில் ஒரு கிராமத்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். 1998-ல் ஹோம்பர்க், அடுத்து கைசர்ஸ்லாட்டர்னின் இரண்டாம் அணி, 2000-ல் புண்டஸ்லிகா, 2001-ல் தேசிய அணி. நாலு உலகக் கோப்பைகளில் 16 கோல். உலகக் கோப்பையில் அதிகக் கோல் போட்டவர் என்ற சாதனையை 2014-ல் தன் பெயரில் எழுதிக்கொண்டார். இதைச் சொன்னதும் எல்லோருக்கும் கண் விரியும். ஆனால் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது அந்த 16 கோலை இல்லை, தச்சு வேலையை. ஜெர்மனியில் ஒரு பையன் மாலையில் பந்து ஆடிக்கொண்டே பகலில் ஒரு தொழில் பழகி, சான்றிதழ் வாங்கிவிட முடியும். நான்காவது, ஐந்தாவது அடுக்கில் பகல் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் நிறைய. குளோசே மேலே போகாமலிருந்தால் தச்சராக இருந்திருப்பார், ஒன்றும் குறைந்திருக்காது.

நம்மூரில் இதே காரியத்தை வேறு வழியில் செய்தோம். சென்னை லீக்கில் பல காலம் ஆதிக்கம் செலுத்தியவை ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை, சுங்கத்துறை, இந்தியன் வங்கி போன்ற துறை அணிகள். 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் தமிழ்நாட்டின் முகமாக இருந்தது ஒரு வங்கியின் அணி, இந்தியன் வங்கி. நன்றாக ஆடுகிற பையனை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எடுப்பார்கள். பாதி நாள் ஆபீஸ், மீதி நேரம் மைதானம். முப்பத்தைந்து வயதில் கால் ஓய்ந்துவிட்டால் முழு நாள் ஆபீஸ். ஜெர்மன்காரரின் பாவு ஜூன் 30-ல் தீரும், துறை அணிக்காரரின் பாவு ஓய்வு பெறும் நாளில்தான் தீரும். ‘பந்து சோறு போடாது’ என்று சொல்கிறவர்கள், அந்தத் தலைமுறையில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது பந்தால் என்பதை விசாரித்துப் பார்க்கலாம்.

இன்றும் அந்த வழி அடைந்துவிடவில்லை. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணிக்கு ஆடியவர். 2019-ல் இந்திய மகளிர் லீக் பட்டம் வென்ற மதுரை சேது எஃப்.சி.யில் இருந்தவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தவர். 2020-ல் கொரோனா ஊரடங்கில் பந்தை வைத்துவிட்டு, சென்னைத் தெருவில் சீருடையோடு பணியில் நின்றார். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் வங்கிகளும் துறைகளும் முன்பு போல அணிக்கு ஆள் எடுப்பதில்லை என்பதும் உண்மை. அந்த வழி குறுகும்போது ஒப்பந்த வழியில் கூட்டம் சேர்கிறது. அந்த வழியிலும் நம் மாவட்டத்துக்கு ஆள் உண்டு. நாமக்கல்லில் பிறந்த தடுப்பாட்டக்காரர் நல்லப்பன் மோகன்ராஜ், கொல்கத்தாவின் மோகன் பகான், கோவாவின் ஸ்போர்ட்டிங், முதல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற அட்லெடிகோ டி கொல்கத்தா என்று ஊர் ஊராக ஆடியவர்.

ஆக, பந்து சோறு போடுமா என்ற கேள்விக்குப் பதில்: போடும், ஆனால் கோலைப் பார்த்துப் போடாது, காகிதத்தைப் பார்த்துப் போடும். உங்கள் வீட்டுப் பிள்ளையை ஒரு கிளப் கேட்டு வந்தால், அது எத்தனையாவது டிவிஷன் என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். எத்தனை வருட ஒப்பந்தம் என்று கேளுங்கள். 18 வயதாகாத பிள்ளையிடம் மூன்று வருடத்துக்கு மேல் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் விதி. காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, சம்பளம் எத்தனை மாதம் வரும் என்று கேளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று 2018-ல் ஃபிஃபா விதி சேர்த்திருக்கிறது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். படிப்பையோ ஒரு கைத்தொழிலையோ நடுவில் விடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நல்ல கிளப் என்றால் இரண்டு நாள் பொறுக்கும். பொறுக்காத கிளப் என்றால் பிள்ளை அங்கே போகாமலிருப்பதே நல்லது.